வண்டியில் ஒட்டிய கறை: எதை எதால் எடுப்பது?

அமராவதிபுதூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு. கத்தரி, வெண்டை, மழையை நம்பி நிலக்கடலை. காய்களைக் காரைக்குடிக்குக் கொண்டுபோக, ‘குட்டி யானை’ என்று எல்லோரும் சொல்கிற சிறு சரக்கு வண்டியைக் கடன் போட்டு செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறார். வெள்ளை நிற வண்டி. வாங்கிய ஆறு மாதத்தில் அதன் மேல் பலவிதப் புள்ளிகள். சக்கரத்துக்கு மேலே கறுப்புப் புள்ளிகள், கூரையில் பிசுபிசுப்பு, கண்ணாடியிலும் கதவிலும் வெள்ளை வளையங்கள், கதவின் கீழ்ப்பகுதியில் மிளகாய் விதை அளவில் காவிப் புள்ளிகள், பின் பெட்டியில் நீலமும் வெள்ளையுமாக ஒரு திட்டு. சோப்புப் போட்டுக் கழுவினால் எதுவும் போகவில்லை.

பெயின்ட் பட்டறையில் காட்டியபோது, வண்டி முழுவதும் புதிதாக அடித்துவிடலாம் என்றார்களாம். கேட்ட தொகை, ஒரு போகம் கடலைக்கு ஆகும் செலவு. பக்கத்து வீட்டுக்காரர் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். “பத்திரிகைக்கு எழுதிக் கேட்டுவிட்டு அப்புறம் தொடுங்கள்” என்று வீட்டம்மா தடுத்திருக்கிறார். அந்தத் தடை நல்ல தடை. ஆசிட் ஊற்றியிருந்தால் பட்டறைக்காரர் சொன்ன செலவு உண்மையாகவே வந்திருக்கும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் இதே வண்டியின் முன் இருக்கையில்தான் மகள் பள்ளிக்குப் போகிறாள். மருந்து பாட்டில் கசிந்த கறை அந்த இருக்கையிலும் இருக்கிறதாம். வெளிப் பூச்சைவிட முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

முதல் வேலை: மருந்துக் கறை

பூச்சிமருந்தில் ‘இ.சி.’ என்று அச்சிட்டிருப்பவை எண்ணெய் போன்ற கரைப்பான்களில் கரைத்தவை. தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும். மருந்துக்கு நஞ்சு உண்டு. அதோடு அந்தக் கரைப்பானே பெயின்டை இளக்கி மங்க வைக்கும். தெளிப்பதற்குக் கலக்கிய மருந்தைவிட பாட்டிலில் இருக்கும் மருந்து பல மடங்கு கடுமையானது. பாட்டிலில் கசிந்த கறையை ‘காய்ந்துவிட்டது’ என்று விடக் கூடாது. குழந்தை அதில் கை வைத்து, அதே கையால் இட்லி சாப்பிடும்.

ரப்பர் கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் மூன்று முறை துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு துணி. அந்தத் துணிகளை வீட்டுத் துணிகளோடு துவைக்கக் கூடாது. இருக்கையின் உறையைக் கழற்றித் தனியாகத் துவைக்கலாம். உள்ளே இருக்கும் பஞ்சு மெத்தை மருந்தைக் குடித்திருந்தால் கழுவிப் பயனில்லை, அந்த மெத்தையை மாற்றிவிடுவதே சரி. முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு. கைப்பிடி, ஸ்டியரிங், கதவின் உள்பக்கம் ஆகியவற்றையும் இப்படியே துடைக்க வேண்டும்.

கழுவிய தண்ணீரைக் கிணற்றடி, ஊருணிக் கரை, மாட்டுத் தொட்டி எதன் அருகிலும் விடக் கூடாது. ஆள் நடமாட்டமும் மேய்ச்சலும் இல்லாத வெற்று நிலத்தில் ஊற்ற வேண்டும். வேலை செய்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுவது போன்றவை தெரிந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது மருந்து பாட்டிலின் லேபிளையும் கொண்டுபோக வேண்டும்.

இனி மருந்து வாங்கி வரும்போது மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்தி, பின் பெட்டியில்தான் வைக்க வேண்டும். முன் கேபினில் மருந்தும் மளிகையும் மகளும் ஒன்றாக வரக் கூடாது.

பூச்சு எவ்வளவு கனம்?

கறையை எடுக்கும் முன் அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தச் சுவர் ஒரே பூச்சில் பளபளப்பாகவில்லை. சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்காகப் பூசி, மேலே போகப் போக மெல்லியதாக்கி, கடைசியில் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். அந்த மேல் மெருகைச் சுரண்டிவிட்டால் எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் பழைய பளபளப்பு வராது.

வண்டியின் பூச்சும் அப்படித்தான். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. அதன் மேல் சமன் செய்யும் பூச்சு. அதன் மேல் நிறம். பெரும்பாலான கார்களில் எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒளிப்பூச்சு. நான்கும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மேலே உள்ள ஒளிப்பூச்சு ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. சாம்பல், பல்பொடி, கம்பி நார் போட்டு ஒரு கறையைத் தேய்ப்பது இந்த மெல்லிய அடுக்கைத் தேய்த்து எடுப்பதுதான். கறை போவதற்கு முன் பூச்சு போய்விடும்.

டிராக்டர்களிலும் சரக்கு வண்டிகள் சிலவற்றிலும் மேலே ஒளிப்பூச்சு இருக்காது, நிறமே மேலாக இருக்கும். வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் வைத்து மறைவான இடத்தில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் ஒளிப்பூச்சு இல்லை என்று பொருள். வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒளிப்பூச்சு இல்லாத வண்டியில் தேய்ப்பதை இன்னும் குறைக்க வேண்டும்.

முதலாவதாக வருகிற துருத் தடுப்பு அடிப்பூச்சைத் தொழிற்சாலையில் தூரிகையால் அடிப்பதில்லை. வண்டியின் கூட்டைப் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் படிய வைக்கிறார்கள். மின்சாரமும் வேதிப்பொருளும் சேர்ந்து செய்கிற இந்த மாதிரி வேலைகளையும், இரும்பு துருப்பிடிப்பதையும் ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு கிளையும் உண்டு. அமராவதிபுதூர்க்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. துரு என்பதும் ஒருவகை மின்வேதி வினைதான். தகடும் ஈரமும் காற்றும் சந்தித்தால் அது தொடங்கும். உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். பூச்சு முழுதாக இருக்கிறவரை அவை சந்திக்க முடியாது. கறையை எடுப்பது அழகுக்காக மட்டும் அல்ல, அந்த அடைப்பு உடையாமல் இருப்பதற்காகவும்தான்.

மென்மையானதிலிருந்து தொடங்குங்கள்

வயலில் ஒரு புழுவைக் கண்டதும் கடுமையான மருந்தை அடிப்பதில்லை. கையால் பொறுக்குவது, விளக்குப்பொறி, வேப்பங்கொட்டைச் சாறு என்று போய், சேதம் எல்லை மீறினால்தான் மருந்து. கறைக்கும் அதே வரிசை: தண்ணீர், ஷாம்பு, எண்ணெய், வினிகர், கிளே, பாலிஷ், கடைசியாகப் பட்டறை. ஒன்றில் போய்விட்டால் அடுத்ததற்குப் போகக் கூடாது.

வேலையைக் காலையிலோ மாலையிலோ நிழலில் செய்ய வேண்டும். தகடு கைக்குச் சூடாகத் தெரிந்தால் அன்று தொடக் கூடாது. முதலில் தண்ணீரை நிறைய ஊற்றி மண்ணை ஓடவிட வேண்டும். நம் பக்கத்துச் செம்மண்ணிலும் சரளைத் தூசியிலும் கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். வண்டிக்கான ஷாம்பு இல்லாவிட்டால் தலைக்குப் போடும் ஷாம்பு ஒரு பாக்கெட் போதும். துணி துவைக்கும் தூள் காரம் மிகுந்தது, வேண்டாம்.

காய்ந்தபின் மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தகட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் நன்றாகத் தெரியும். எங்கே சொரசொரப்போ அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது. கறை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு வழுவழுப்பாக இருந்தால் அது பூச்சுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள்.

எந்த மருந்தானாலும் கதவின் உள் ஓரம் போன்ற மறைவான இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சோதித்து, அதன் பிறகே வெளியில் தொட வேண்டும்.

கறுப்புப் புள்ளி: தார்

சக்கரத்துக்கு மேலேயும் பின்னாலும் தெறித்திருக்கும் கறுப்புப் புள்ளிகள் புதிதாகப் போட்ட சாலையின் தார். தார் எண்ணெய் வகை, தண்ணீருக்கு அசையாது. பலாப்பழம் அரிகிறவர் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறாரே, அதே வழிதான் இங்கும். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு, புள்ளியின் மேல் பத்து நிமிடம் ஒற்றி வையுங்கள். தார் இளகி பழுப்பாக ஒழுகும். துணியின் சுத்தமான பக்கத்தால் ஒற்றி எடுங்கள், பரவலாகத் தேய்க்காதீர்கள். பழைய தாருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

எண்ணெய்க்கு மசியாத தாருக்கு மட்டும் துணியில் சில சொட்டு மண்ணெண்ணெய். அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துடைத்த உடனே ஷாம்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது. அது சாதாரண வெயிலிலேயே ஆவியாகி, அந்த ஆவி தூரத்து நெருப்பையும் பற்றிக்கொள்ளும். தின்னர் தாரோடு பெயின்டையும் கரைத்துவிடும்.

பிசுபிசுப்பு: மரத்தைப் பாருங்கள்

கூரையில் ஒட்டியிருப்பது எந்த மரத்துப் பொருள் என்று பார்த்தால் வேலை பாதியாகும். வேம்பு, கருவேலம் பிசின்கள் தண்ணீரில் ஊறும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை கால் மணி நேரம் போர்த்தி வைத்தால் கழன்று வரும். மா, பலா ஆகியவற்றின் பால் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய் தடவி எடுக்க வேண்டும்.

மாமரத்தடியில் நின்ற வண்டியில் சிறு துளிகளாகப் பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் பிசின் அல்ல. மாம்பூவில் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சி வெளியேற்றும் இனிப்பு நீர் அது. வெந்நீரில் போய்விடும். ஆனால் வண்டியைக் கழுவியதோடு நிறுத்திவிடாதீர்கள். அண்ணாந்து பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். ஆப்பு வடிவச் சிறு பூச்சிகள் கூட்டமாகப் பறந்தால், அந்த ஆண்டு மாங்காய் ஆபத்தில் இருக்கிறது. உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடம் உடனே காட்டுங்கள்.

பறவை எச்சத்தை அன்றே எடுக்க வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பூச்சு சூடாகி இளகும்போது எச்சம் அதில் பதிந்து, குளிரும்போது இறுகிவிடும். நாள் கடந்தால் எச்சம் போனாலும் அதன் வடிவம் போகாது. விதைத் துணுக்கு இருக்குமாகையால் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவைத்துத் தூக்கி எடுங்கள்.

வெள்ளை வளையம்: கிணற்று நீர்

போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டியில் துளித்துளியாக வெள்ளை வளையம் விழும். தண்ணீர் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு உப்பு தங்கிவிடுகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவும் இதுதான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். வானம் பார்த்த பூமியில் பல போர்கள் இந்த அளவைத் தாண்டும். உங்கள் கிணற்று நீரைப் பாசனத்துக்காகப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போதே இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சுண்ணாம்பு உப்பை மென்மையான புளிப்பு கரைக்கும். கடையில் விற்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. துணியில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைத்து, காயும் முன் நிறையத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கட்டட வேலையில் தெறித்த சுண்ணாம்பு, சிமென்ட் புள்ளிகளுக்கும் இதுவே. புளியும் எலுமிச்சையும் பித்தளைப் பாத்திரத்துக்கு நல்லவை. ஆனால் வண்டியில் அவற்றின் சக்கை கீறும், சாறு பிசுபிசுக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கழிப்பறை ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதுவும் சுண்ணாம்பைக் கரைக்கும், கரைத்தபின் நிற்காது. கீறல் வழியே உள்ளே இறங்கித் தகட்டை அரிக்கும். கதவு மடிப்பில் தங்கிவிட்டால் சில மாதத்தில் அங்கிருந்து துரு புறப்படும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும், மூச்சை அடைக்கும். வண்டி கழுவுகிற இடத்துக்கே அது வரக் கூடாது.

காவிப் புள்ளி: இரும்புத் தூள்

கதவின் கீழ்ப்பகுதியில் உள்ள காவிப் புள்ளி செம்மண்ணா, துருவா என்று முதலில் பார்க்க வேண்டும். செம்மண் ஷாம்புவில் போய்விடும். போகாமல் கைக்கு முள் போலத் தட்டுப்பட்டால் அது இரும்புத் தூள். கிரில் பட்டறையில் அறுக்கும்போதும் கிரைண்டிங் செய்யும்போதும் பறக்கும் பொறிகள் சூடாக வந்து பூச்சில் பதிந்துகொள்ளும். பிரேக் தேய்மானத்தாலும் இப்படித் தூள் வரும். ஈரம் பட்டதும் அது துருவாகும். வண்டி துருப்பிடிக்கவில்லை, வண்டியின் மேல் உட்கார்ந்த தூள்தான் துருப்பிடித்திருக்கிறது. அப்படியே விட்டால் நாளடைவில் பூச்சையும் துளைக்கும்.

இதற்குக் ‘கிளே’ என்று வண்டிக் கடைகளில் விற்கும் களிமண் போன்ற கட்டி நல்லது. சிறு துண்டைப் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரை நிறையத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒட்டிய துகள்களை அது பிடுங்கிக்கொள்ளும். சொரசொரப்பு போனதும் நிறுத்துங்கள். கட்டி அழுக்கானால் உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பிசைய வேண்டும். தரையில் விழுந்த கட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், அதில் ஒட்டிய மணல் வண்டி முழுவதும் கோடு போட்டுவிடும். தண்ணீர் இல்லாமல் கிளே தேய்க்கவே கூடாது. இரும்புத் தூளைக் கரைக்கும் தெளிப்பானும் விற்கிறது. அடித்தால் புள்ளிகள் ஊதா நிறமாகி வழியும், வாடை கடுமையாக இருக்கும். கையுறையோடு, காற்றோட்டமான நிழலில் அடித்து, காயும் முன் கழுவ வேண்டும்.

நீலத் திட்டு: போர்டோ கலவை

பின் பெட்டியில் உள்ள நீல வெள்ளைத் திட்டு, தென்னங் குருத்தழுகலுக்குக் கொண்டுபோன போர்டோ கலவை சிந்தியதாக இருக்கும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்பது ஒரு சத விகிதக் கலவை. அதை இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்று சொல்வது எதற்காக? துத்தத்தில் உள்ள தாமிரம் இரும்பின் மேல் படிந்து, இரும்பைக் கரைத்துவிடும். கலவை சரியா என்று பார்க்கத் தீட்டிய கத்தியை முக்குகிறோமே, கத்தியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அறிகிறோமே, அதே வினைதான் வண்டியின் கீறலிலும் நடக்கும்.

ஆகவே முதலில் ஈரத்துணி போர்த்தி ஊறவைத்து, எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் தண்ணீரில் எடுங்கள். மிச்சத்துக்கு மேலே சொன்ன வினிகர் கலவை. ஆனால் தகடு தெரியும் கீறல் உள்ள இடத்தில் வினிகர் வேண்டாம், அது தாமிரத்தைக் கரைத்துக் கீறலுக்குள் கொண்டுபோகும். அங்கே தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உரம் ஏற்றிய பெட்டியையும் இதோடு கவனிக்க வேண்டும். பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் எல்லாம் உப்புகள். காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து மூலையில் தேங்கும். உரம் இறக்கிய அன்றே முதலில் உலர்வாகப் பெருக்கிவிட்டு, பின்பு தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். தொண்டிப் பக்கம் மீன் ஏற்றப் போய் வந்தாலும் அப்படித்தான், அடிப்பாகத்தையும் சேர்த்து.

எங்கே நிறுத்துவது?

எல்லாம் முடிந்தபின் சில தடங்கள் மிஞ்சும். அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் தெரிந்தால் அது மேல் அடுக்கில்தான் இருக்கிறது. மென்மையான பாலிஷ் போதும். அதையும் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் பூச்சு கொஞ்சம் குறையும். நகம் தட்டினால் பாலிஷுக்குப் போகாது, விட்டுவிடலாம். தகடு தெரியாதவரை அதனால் வண்டிக்கு ஆபத்தில்லை.

பூச்சு கொப்பளித்திருந்தால் உள்ளே துரு ஓடுகிறது. அதை எந்தக் கரைசலும் எடுக்காது. பளபளக்கும் தகடு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பனி இறங்கும் முன் அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். மெல்லியதாக இரண்டு முறை. அதன் மேல் வண்டியின் நிறம். இவ்வளவு இடத்துக்கு மட்டும் பட்டறைக்காரரிடம் கொடுத்தால் போதும், முழு வண்டியும் வேண்டியதில்லை. அடித்தாலும் அதே நிறம் அடியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் நிறமும் பதிவாகியிருக்கிறது, மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு பூச்சு மெழுகு. விதைநேர்த்தி போல இது வருமுன் காக்கும் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டால் அடுத்த முறை தாரும் எச்சமும் ஆழமாகப் பிடிக்காது. அமராவதிபுதூர் வாசகர் சொன்ன ஐந்து கறைகளுக்கும் தேங்காய் எண்ணெய், ஷாம்பு, வினிகர், ஒரு கிளே கட்டி, மெழுகு, இரண்டு காலை நேரம் போதும். பட்டறைக்குக் கொடுக்க இருந்த பணம் கடலை விதைக்கு ஆகட்டும்.

மேலும் இரண்டு கேள்விகள்

கேள்வி: புதுவயல் அரிசி ஆலைகள் பக்கம் நெல் கொண்டுபோய்த் திரும்பும்போது வண்டி முழுவதும் கறுப்புத் தூசி. துடைத்தால் வண்டி மங்குகிறது, ஏன்?

பதில்: அது உமிச் சாம்பல். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் இனம். முன்பு உமிக்கரியால் பல் தேய்த்தவர்களுக்கு அதன் தேய்க்கும் சக்தி தெரியும். உலர்வாகத் துடைப்பதால்தான் மங்குகிறது. தண்ணீர் ஊற்றி ஓடவிடுங்கள், அல்லது தெளிப்பானில் வெறும் தண்ணீர் நிரப்பி அடியுங்கள். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த தெளிப்பானை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: டிராக்டரை வாரம் ஒரு முறை டீசல் போட்டுத் துடைத்தால் புதுசு போல இருக்கிறது. தொடரலாமா?

பதில்: நிறுத்திவிடுங்கள். அந்தப் பளபளப்பு எண்ணெய்ப் படலம்தான். அடுத்த நாள் உழவில் அதில் புழுதி ஒட்டும், அதைத் துடைக்கும்போது கீறல் விழும். டயர், ஹோஸ் போன்ற ரப்பர் பாகங்களையும் டீசல் ஊதவைத்துக் கெடுக்கும். அந்த டீசலுக்கு ஆகும் காசில் ஆண்டுக்கு ஒரு டப்பா மெழுகு வாங்கலாம்.